கரம் நீட்டியவர் யார்?



ஞாயிறு தோறும் திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். சிறு வயது முதல் சொல்லிப் பழகியதால் அதன் வார்த்தைகள் தாமாகவே நாவில் வந்துவிடுகின்றன. யேசு பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிடுகிறோம். ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு பிள்ளை, "அம்மா, ஒரே பொருள் எண்டால் என்ன?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

இந்த அறிக்கை நீசேயா என்னும் நகரில் கூடிய பொதுச்சங்கத்தில் உருவானது. அச்சங்கம் கூடியது கி.பி. 325ஆம் ஆண்டில். 2025ஆம் ஆண்டோடு 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. இத்தனை நூற்றாண்டுகளாகத் திருச்சபை ஒரு சொல்லைக் கைவிடாமல் காத்து வருகிறதென்றால், அதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. கடலுக்குப் போய் வருகிறவனுக்கும், அவன் வரவை எதிர்பார்த்து அடுப்பு மூட்டுகிற மனைவிக்கும், துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவனுக்கும் உரியது. ஏனெனில் அது நமது மீட்பைப் பற்றியது.

துறைமுக நகரில் எழுந்த கேள்வி

நமது திருகோணமலையைப் போலவே எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவும் பெயர்பெற்ற துறைமுகப் பட்டினம். பல நாட்டுக் கப்பல்கள் வந்து தங்கும் இடம்; பல மொழிகளும் பல மதங்களும் ஒரே வீதியில் உலாவும் இடம். அங்கே நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரியுஸ் என்ற குருவானவர் பணியாற்றி வந்தார். ஒழுக்கமான வாழ்வும் பேச்சுத் திறமையும் உடையவர். கடவுள் ஒருவரே, அவருக்கு ஈடிணை இல்லை என்ற உண்மையைக் காக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் அந்த எண்ணத்தில் அவர் ஓர் எல்லையைத் தாண்டினார். சுதன் பிதாவினால் படைக்கப்பட்டவர், படைப்புகளுக்கெல்லாம் தலையானவர், என்றாலும் அவரும் படைப்பே. அவர் இல்லாதிருந்த நிலையும் ஒன்று உண்டு என்று போதித்தார்.

இந்தப் போதனை குருமாருக்குள் மட்டும் அடங்கிவிடவில்லை. ஆரியுஸ் தமது கருத்தைப் பாட்டுகளாகக் கட்டி, கப்பலோட்டிகளும் ஆலையில் மாவரைப்பவர்களும் வழிப்பயணிகளும் பாடும்படி செய்தார் என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தவறான போதனை எப்போதும் கடுமையான முகத்தோடு வருவதில்லை. எளிய சொல்லோடும் இனிய இராகத்தோடும் வந்து, வேலை செய்யும் இடத்திலேயே நம்மைச் சந்திக்கிறது.

அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாந்தர் இதை எதிர்த்தார். அவரோடு நின்றவர் அத்தனாசியுஸ் என்ற இளம் தியாக்கோன். சச்சரவு கிழக்குத் திருச்சபை முழுவதும் பரவியது. உரோமைப் பேரரசன் கொன்ஸ்தந்தீன், இன்றைய துருக்கி நாட்டில் இஸ்னிக் என்று வழங்கப்படும் நீசேயா நகரில் ஆயர்களை ஒன்றுகூட்டினான். பாப்பரசர் சில்வெஸ்தர் நேரில் செல்லாமல் தமது பிரதிநிதிகளாக இரண்டு குருமாரை அனுப்பினார். அங்கே கூடியவர்கள் ஆரியுசின் போதனையை மறுத்து, சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டார்கள்.

இத்துடன் சச்சரவு ஓய்ந்தது என்று எண்ண வேண்டாம். அத்தனாசியுஸ் 328ஆம் ஆண்டில் ஆயரானார். அவர் இந்த ஒரு சொல்லுக்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறக்குறைய 17 ஆண்டுகளை நாடுகடத்தலிலும் மறைவிலும் கழித்தார். 373ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா? அதில் அடங்கியிருப்பது என்ன?

மீட்பு என்பது என்ன?

மீட்பு என்ற தமிழ்ச் சொல்லை நம் மக்கள் நன்கு அறிவார்கள். அடகு வைத்த நகையை மீட்கிறோம். சிறைப்பட்டவனை மீட்கிறோம். கடலில் தத்தளிப்பவனை மீட்கிறோம். இம்மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. மீட்கப்படும் நகை தன்னைத் தானே மீட்டுக்கொள்ளாது. சிறைப்பட்டவன் தன் கதவைத் தானே திறந்துகொள்ள மாட்டான். ஆழத்தில் மூழ்குபவன் தன் தலைமயிரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிவிட மாட்டான். வெளியிலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும்.

மனுக்குலம் எதிலிருந்து மீட்கப்பட வேண்டியிருக்கிறது? பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் என்று திருச்சபை போதிக்கிறது. பாவம் என்பது ஒரு விதியை மீறியதனால் வந்த குற்றம் மட்டுமன்று. உயிரின் ஊற்றாகிய இறைவனிடமிருந்து மனிதன் பிரிந்துபோன நிலை அது. ஆகவே மீட்பு என்பது தண்டனை நீங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. மனிதன் மீண்டும் இறைவனோடு இணைக்கப்பட வேண்டும். இறைவனுடைய உயிரில் பங்குபெற வேண்டும். புனித பேதுருவின் இரண்டாம் திருமுகம் இதை, நாம் இறை இயல்பில் பங்குபெறுதல் என்று சொல்கிறது (2 பேதுரு 1:4).

இப்போது அத்தனாசியுசின் வாதம் நமக்கு விளங்கும். படைக்கப்பட்ட ஒருவர், அவர் எவ்வளவு உயர்ந்தவராயினும், தம்மிடம் உள்ளதைத்தான் நமக்குத் தர முடியும். இறைவனின் உயிர் அவருக்குச் சொந்தமானதன்று. அவரும் அதை வேறொருவரிடம் பெற்றவரே. அப்படியானால் அவர் நம்மை இறைவனிடம் சேர்க்க முடியாது. அவரும் நம்மைப்போல் இக்கரையில் நிற்பவரே. கடலில் இருவர் மூழ்கும்போது ஒருவர் மற்றவருக்குத் துணையாயிருக்கலாம், ஆறுதல் சொல்லலாம். ஆனால் கரையேற்ற முடியாது. நம்மை நோக்கி நீண்ட கரம் இறைவனுடைய சொந்தக் கரமாக இருந்தாலன்றி நாம் இன்னும் கடலில்தான் கிடக்கிறோம்.

விசுவாசப் பிரமாணத்தைக் கவனித்துப் பாருங்கள். சுதன் மெய்யான கடவுள் என்று சொன்ன உடனே, அவர் இறங்கி வந்தது மனிதராகிய நமக்காக, நமது மீட்புக்காக என்று தொடர்கிறது. யேசு யார் என்ற கேள்வியும், நாம் மீட்கப்பட்டோமா என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றை அறுத்தால் மற்றதும் கழன்றுவிடும்.

வள்ளமும் மகனும்

நீசேயாச் சங்கம் பயன்படுத்திய கிரேக்கச் சொல் ஹோமோஊசியோஸ் என்பது. அதைத் தமிழில் ஒரே பொருளானவர் என்கிறோம். பொருள் என்றதும் கடையில் வாங்கும் சாமானை நினைக்க வேண்டாம். ஒருவர் எதுவாக இருக்கிறாரோ, அந்த உள்ளியல்பையே இங்கு பொருள் என்கிறோம். பிதா எந்த இறை இயல்பை உடையவரோ, அதே இயல்பை, அதில் ஒரு பங்கையல்ல, முழுமையாக உடையவர் சுதன்.

சங்கம் இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக வைத்தது. சுதன் பிதாவிடமிருந்து பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர். இதை விளங்கிக்கொள்ள நம் கடற்கரையிலேயே உதாரணம் உண்டு. ஒரு தச்சன் வள்ளம் கட்டுகிறான். அவனுக்கு ஒரு மகனும் பிறக்கிறான். இரண்டும் அவனிடமிருந்தே வந்தவை. ஆனால் வள்ளம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் அது மரமே. தச்சனின் இயல்பு அதில் இல்லை. மகனோ தகப்பனைப் போலவே மனிதன். உண்டாக்கப்படுவது வேறு இயல்புடையது. பிறப்பது அதே இயல்புடையது. நாமும் கடலும் விண்மீன்களும் வானதூதரும் இறைவன் கட்டிய வள்ளங்கள். யேசு ஒருவரே அவரிடமிருந்து பிறந்த மகன்.

எந்த உதாரணத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தச்சன் மகனுக்கு முன் வாழ்ந்தவன். மகன் பின் வந்தவன். இறைவனிலோ முன் பின் என்பது இல்லை. சுடர் எப்போது உண்டோ அப்போதே ஒளியும் உண்டு. அவ்வாறே பிதா என்றும் பிதாவாக இருப்பதனால் சுதனும் என்றும் சுதனாகவே இருக்கிறார். இங்கே உடல் சார்ந்த பிறப்பு எதுவும் பேசப்படவில்லை.

படகில் உறங்கியவர்

யேசு மெய்யான கடவுள் என்பதை வலியுறுத்தும்போது இன்னொரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. அவர் மனிதரைப்போல் வேடம் தரித்து வந்த கடவுள் அல்லர். மெய்யாகவே மனிதரானவர். மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் வரும் புயற்காற்று நிகழ்ச்சியை மீனவக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ளும். நாள் முழுவதும் போதித்துக் களைத்த யேசு, படகின் பின்புறத்தில் தலையணை வைத்து உறங்குகிறார். அலை படகுக்குள் அடித்தும் அவருக்கு விழிப்பு வரவில்லை. இது மனிதனின் களைப்பு. சீடர் எழுப்பியதும் எழுந்து காற்றையும் கடலையும் அதட்டுகிறார், பேரமைதி உண்டாகிறது. கடலுக்குக் கட்டளையிடுவது இறைவனுக்கு மட்டுமே உரியது என்பதைத் திருப்பாடல்களை அறிந்த அச்சீடர் உணர்ந்தார்கள். அதனால்தான் இவர் யாரோ என்று நடுங்கினார்கள்.

உறங்கியவரும் அதட்டியவரும் ஒருவரே. இந்த உண்மையை 451ஆம் ஆண்டில் கல்செதோன் பொதுச்சங்கம் வரையறுத்தது. கிறிஸ்து ஒரே ஆள்; அவரில் இறை இயல்பு, மனித இயல்பு என இரண்டு இயல்புகள் உண்டு; அவை கலப்பதுமில்லை, பிரிவதுமில்லை. அதற்கு முன்னரே 431ஆம் ஆண்டில் எபேசு பொதுச்சங்கம் மரியன்னையை இறைவனின் தாய் என்று அழைத்ததும் இதனாலேயே. அவர் பெற்றெடுத்தவர் வெறும் மனிதர் அல்லர், மனிதரான இறைமகன். பாலையூற்று லூர்து அன்னையின் திருத்தலத்தில் நாம் அன்னைக்குச் செலுத்தும் வணக்கம், அவர் மகன் யார் என்ற விசுவாசத்தில் வேரூன்றியிருக்கிறது.

மனித இயல்பு ஏன் இவ்வளவு முக்கியம்? இறைமகன் நம்மிடமிருந்து எதை ஏற்றுக்கொண்டாரோ அதையே குணமாக்கினார் என்பது திருச்சபைத் தந்தையரின் போதனை. நமது உடலை, நமது மனத்தை, நமது கண்ணீரை, நமது சாவை அவர் ஏற்றார். ஆகவே நம்மில் எதுவும் மீட்புக்குப் புறம்பாக இல்லை. கரம் இறைவனுடையது, ஆனால் அது நாம் பற்றிக்கொள்ளக்கூடிய மனிதக் கரம்.

வாசலில் வரும் கேள்விகள்

பல மதத்தவரும் பல சபையினரும் கலந்து வாழும் நமது மாவட்டத்தில், இக்கேள்விகள் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கே வருகின்றன. நான்கு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வேதாகமத்தைக் கையில் ஏந்தி வருகிற சிலர் கேட்பது. பிதா தம்மிலும் பெரியவர் என்று யேசுவே சொன்னாரே (யோவான் 14:28), படைப்புக்கெல்லாம் தலைப்பேறானவர் என்று புனித பவுல் எழுதினாரே (கொலோசையர் 1:15), அப்படியானால் அவர் படைப்புத்தானே என்பார்கள். இது ஆரியுசின் பழைய கேள்வியே. அமைதியாகப் பதில் சொல்லலாம். தம்மைத் தாழ்த்தி அடிமையின் வடிவெடுத்தவர் (பிலிப்பியர் 2:6–8) அந்தத் தாழ்ந்த நிலையிலிருந்து பிதாவைப் பெரியவர் என்கிறார். தலைப்பேறு என்ற சொல் உரிமையையும் முதன்மையையும் குறிக்கிறது. அடுத்த வசனமே எல்லாம் அவரில் படைக்கப்பட்டன என்கிறது. எல்லாவற்றையும் படைத்தவர் படைக்கப்பட்டவற்றுள் ஒருவராக இருக்க முடியாது. தோமையார் உயிர்த்த யேசுவைப் பார்த்து ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அறிக்கையிட்டபோது (யோவான் 20:28) யேசு அவரைக் கண்டிக்கவில்லை.

இரண்டாவது, இஸ்லாமிய அயலவர் அன்போடு கேட்பது. இறைவன் ஒருவன் என்கிறீர்கள், பிறகு மூவர் என்கிறீர்களே? நாமும் இறைவன் ஒருவரே என்றுதான் அறிக்கையிடுகிறோம். மூன்று கடவுள்களை நாம் வணங்குவதில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே இறை இயல்பை உடையவர்கள். ஒருவருக்கொருவர் கொண்டுள்ள உறவினால் மட்டும் வேறுபட்டவர்கள். பரிசுத்த ஆவியும் பிதாவோடும் சுதனோடும் ஆராதிக்கப்படுபவர் என்பதை 381ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் தெளிவாக்கியது. இதை நாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கிறிஸ்து வெளிப்படுத்தியதனால் அறிகிறோம். இறைவன் அன்பாக இருக்கிறார் என்று யோவான் எழுதினார். உலகம் உண்டாகுமுன்னும் அவர் அன்பாகவே இருந்தார் என்றால், அந்த அன்பு அவருக்குள்ளேயே கொடுத்தும் பெற்றும் நிலவியது என்பதே திரித்துவ மறைபொருள்.

மூன்றாவது, இந்து நண்பர் மரியாதையோடு சொல்வது. யேசுவும் ஓர் அவதாரமே, நாங்களும் அவரை ஏற்கிறோம் என்பார். அந்த மதிப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். அதேவேளை நமது விசுவாசத்தையும் மறைக்கக் கூடாது. இறைமகன் மனிதரானது வரலாற்றில் ஒரே ஒரு முறை நடந்தது. ஒரு குறிப்பிட்ட நாட்டில், போஞ்சு பிலாத்துவின் ஆட்சிக் காலத்தில் அவர் பாடுபட்டார். ஏற்றுக்கொண்ட மனித உடலை அவர் களைந்துவிடவுமில்லை. உயிர்த்தெழுந்த பின்னும் காயத் தழும்புகளோடு மனிதராகவே பிதாவின் வலப்பக்கத்தில் இருக்கிறார்.

நான்காவது கேள்வி நம் சொந்தப் பிள்ளையே கேட்பது. "யேசு கடவுளெண்டால் அவர் ஆரைப் பார்த்துச் செபிச்சவர், அம்மா?" பிதாவைப் பார்த்து, மகனாகவே செபித்தார் என்று சொல்லுங்கள். என்றென்றும் பிதாவோடு பேசிக்கொண்டிருந்த அந்தச் சுதன், மனிதரான பின் மனித நாவினால் பேசினார். நாம் பிதாவே என்று செபிக்கும்போது அவருடைய செபத்தில் நாமும் சேர்ந்துகொள்கிறோம்.

இவ்வாறு பேசும்போது வாதத்தில் வெல்வதை நோக்கமாகக் கொள்ள வேண்டாம். நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்லும்படியே புனித பேதுரு கற்பித்தார் (1 பேதுரு 3:15).

அயலவர் மீட்புப் பெறுவாரா?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்றால், அவரை அறியாமல் இறந்தவர்களின் நிலை என்ன? 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். நிலாவெளி முதல் கிண்ணியா, மூதூர் வரை அந்த அலை யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. ஒரே வாடியில் வேலை செய்தவர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஒன்றாக மடிந்தார்கள். கலப்புத் திருமணம் செய்த குடும்பங்களில் இக்கேள்வி இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது: ஞானஸ்நானம் பெறாத என் தகப்பனாரை நான் மீண்டும் காண்பேனா?

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற பழைய வாக்கியத்தை நம் மூத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்ரியான் அதைச் சொன்னது, திருச்சபையைப் பிளந்து செல்ல முயன்ற கிறிஸ்தவர்களை எச்சரிப்பதற்காக. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பீனி என்ற குருவானவர், கத்தோலிக்கரல்லாத எவருக்கும் மீட்பில்லை என்று கண்டிப்பாகப் போதித்தபோது, 1949ஆம் ஆண்டில் உரோமைத் திரு அலுவலகமே அதைத் திருத்தியது. தம் குற்றமின்றித் திருச்சபையை அறியாதவர், இறைவனின் சித்தப்படி வாழ விரும்பினால், அந்த உள்ளார்ந்த விருப்பத்தினாலே திருச்சபையோடு இணைக்கப்பட முடியும் என்று அது விளக்கியது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இதை மேலும் தெளிவுபடுத்தியது. 1964ஆம் ஆண்டில் வெளியான திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 16ஆம் பகுதி, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சாட்சியின் குரல்படி வாழ முயல்பவர்கள் அருளின் உதவியால் மீட்படைய முடியும் என்கிறது. 1965ஆம் ஆண்டின் இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டின் 22ஆம் பகுதி, இறைவன் மட்டும் அறிந்த முறையில் பரிசுத்த ஆவியானவர் எல்லோருக்கும் கிறிஸ்துவின் பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பை அளிக்கிறார் என்று போதிக்கிறது.

அப்படியானால் எல்லா வழியும் ஒன்றே என்று ஆகிவிடுமா? ஆகாது. இந்த இடத்தில்தான் நமது நாட்டிலேயே ஒரு பெரும் விவாதம் எழுந்தது. இலங்கையின் அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர் திஸ்ஸ பாலசூரிய 1990ஆம் ஆண்டில் மரியாவும் மனித விடுதலையும் என்ற நூலை வெளியிட்டார். ஏழைகளின் விடுதலையிலும் பிற மதத்தவரின் மாண்பிலும் அவருக்கிருந்த அக்கறையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பிறப்புநிலைப் பாவம், கிறிஸ்துவே அனைவருக்கும் மீட்பர் என்பன பற்றிய போதனை அந்நூலில் பழுதுபட்டிருப்பதாக உரோமை கண்டது. 1997ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் திருச்சபை விலக்குக்கு உள்ளானார். 1998ஆம் ஆண்டு தை மாதத்தில் மீண்டும் திருச்சபையோடு ஒப்புரவாகி, 2013ஆம் ஆண்டில் திருச்சபையின் மகனாகவே கண்மூடினார். அயலவரை நேசிப்பதா, கிறிஸ்துவை அறிக்கையிடுவதா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

நீசேயாவின் சொல் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. யேசு வெறும் ஒரு மதத்தைத் தொடங்கிய குரு என்றால், அவருடைய மீட்பு அவரைப் பின்பற்றும் கூட்டத்தின் வேலியோடு நின்றுவிடும். அவர் பிதாவோடு ஒரே பொருளானவர் என்றால், எல்லாவற்றையும் படைத்தவரே நம்மைத் தேடி வந்திருக்கிறார். அவர் கரம் எட்டாத ஆழம் எதுவும் இல்லை. எவர் மீட்கப்பட்டாலும் கிறிஸ்துவினாலேயே மீட்கப்படுகிறார், அவர் பெயரை அறியாதிருந்தாலும். ஆகவே தகப்பனாருக்காகக் கலங்கும் மகளுக்குத் திருச்சபை சொல்லும் பதில் இதுதான்: அவரை நீ நேசித்ததைவிட, அவருக்காக மனிதராகி மரித்தவர் மிகுதியாக நேசிக்கிறார். அவருக்காகச் செபி, திருப்பலி ஒப்புக்கொடு, நம்பிக்கையோடு அவர் கையில் ஒப்படை. தீர்ப்பு நம்முடையதன்று.

கயிற்றைப் பற்றிக்கொள்வோம்

எல்லோரையும் இறைவன் தேடுகிறார் என்றால் நமக்கு ஞானஸ்நானமும் திருப்பலியும் எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். கடலில் கிடப்பவனை நோக்கி வள்ளத்திலிருந்து கயிறு வீசப்படுகிறது. அவன் அதைப் பற்றிக்கொள்கிறான். கரையேறிய பின் தன் கைப்பலத்தால் தப்பினேன் என்று அவன் சொல்ல மாட்டான், வீசியவரே தப்புவித்தார். ஆனாலும் கயிறு வந்தது தெரிந்தும் பற்றமாட்டேன் என்பவனை யார் இழுப்பது? மீட்பு முழுவதும் இறைவனின் இலவசக் கொடை. அதைப் பற்றிக்கொள்ளும் கையே விசுவாசம். அந்தக் கைக்கும் பலம் தருபவர் அவரே. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் 1999ஆம் ஆண்டு ஐப்பசி 31ஆம் நாள் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை இதையே சொல்கிறது: நமது நற்செயல்களின் தகுதியினால் அல்ல, அருளினாலேயே நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த அருளே நம்மை நற்செயலுக்குத் தூண்டுகிறது. மெதடிஸ்த சபையாரும் பின்னர் 2006ஆம் ஆண்டில் இதனோடு இணைந்தனர். ஒரே வீதியில் வெவ்வேறு கோவில்களுக்குப் போகும் நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி.

அருட்சாதனங்கள் அந்தக் கயிறு நம் கைக்கு வந்து சேரும் வழிகள். தெரிந்தவர் அவற்றை அலட்சியம் செய்யலாகாது. மிகுதியாகப் பெற்றவனிடம் மிகுதியாகக் கேட்கப்படும்.

பெற்றோருக்கு

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கத் தமிழ் நூல், முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களிடையே பணிபுரிந்த அண்டிரிக் அடிகளாரால் ஆக்கப்பட்டது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, கடலோரக் குடும்பங்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்க எழுந்த ஞானோபதேசம் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஒல்லாந்தர் நம் நாட்டில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்திலும், 1687ஆம் ஆண்டில் புனித யோசேவ் வாஸ் அடிகளார் மறைவாக வந்து சேரும்வரை, குருவானவர் இல்லாத ஊர்களில் பெற்றோர் சொல்லிக்கொடுத்த செபங்களே விசுவாசத்தைக் காத்தன. 1893ஆம் ஆண்டில் திருகோணமலை தனி மறைமாவட்டமாகும் முன்னரே, வீடுகளில் இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பொறுப்பு இப்போது நம்முடையது. மறைக்கல்வி ஆசிரியரிடம் வாரத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் போதாது. இந்த வாரம் குடும்பச் செபத்தின்போது மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள்.

ஒன்று: விசுவாசப் பிரமாணத்தை மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சற்று நிறுத்திச் சொல்லுங்கள். விளங்காத சொல்லைப் பிள்ளைகள் கேட்கட்டும். தெரியாததைப் பங்குக் குருவானவரிடம் கேட்டு அடுத்த நாள் சொல்லுங்கள்.

இரண்டு: மாற்கு 4:35–41 பகுதியை வாசியுங்கள். யேசு மனிதர் என்று காட்டுவது எது, கடவுள் என்று காட்டுவது எது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று: கடலிலும் போரிலும் ஆழிப்பேரலையிலும் இறந்த உறவினரையும் அயலவரையும், எந்த மதத்தவராயினும், பெயர் சொல்லி நினைத்து ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

எபிரேயர் திருமுகம் நமது நம்பிக்கையை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது (6:19–20). கப்பலின் நங்கூரம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இறங்கிப் பிடிக்கிறது. நமது நங்கூரமோ மேலே, யேசு நமக்கு முன்னோடியாக நுழைந்த இறைவனின் திருமுன்னிலையில் பிடித்திருக்கிறது. நங்கூரம் பிடித்திருக்கும் இடம் உறுதியாக இருந்தால் கப்பல் அசையலாம், அடித்துச் செல்லப்படாது. அந்த இடம் இறைவனே என்பதைத்தான் 1700 ஆண்டுகளுக்கு முன் நீசேயாவில் கூடிய நம் தந்தையர் ஒரே சொல்லில் நமக்கு எழுதித் தந்தார்கள். வருகிற ஞாயிறு திருப்பலியில் அந்தச் சொல்லுக்கு வரும்போது, பொருள் உணர்ந்து சொல்வோமாக.